மனைவிக்குப் பிறந்தநாள் நெக்லஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டிலும் பிறகு கோயம்புத்தூரிலுமாக 14 வருடம் நகைக்கடை கவுண்டரில் நின்றிருக்கிறேன். கல்யாண நகை எடுக்க வருகிறவர்கள் வேன் பிடித்துக் குடும்பத்தோடு வருவார்கள். மனைவியின் பிறந்தநாளுக்கு வாங்க வருகிறவர் மட்டும் தனியாக வருவார். கண்ணாடிப் பெட்டி முன்னால் இரண்டு நடை நடந்துவிட்டு, "ஏனுங்க, லேடீஸுக்கு எது நல்லா இருக்குமுங்க?" என்று கேட்பார். அதற்கான பதிலில் பாதி அவர் வீட்டில்தான் இருக்கும். மீதிப் பாதியை, அவரைப் போன்றவர்கள் கேட்டதும் நான் சொன்னதுமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்வது, பட்ஜெட்டையா டிசைனையா?

இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. விசேஷம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை காலையில் உங்கள் மனைவி கழுத்தில் என்ன போட்டுக்கொண்டு வேலைக்கோ தோட்டத்துக்கோ கிளம்புகிறார் என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் தங்கம் ஒரு காரணத்தைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் வரும். கல்யாணத்தில் பெற்றோர் போட்டது, தாய்மாமன் சீர், குழந்தைக்குக் காது குத்தியபோது வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பேரும் கணக்கும் உண்டு. திருப்பிச் செய்ய வேண்டிய முறையும் உண்டு. அந்த நகையெல்லாம் லாக்கரில் இருந்து மாரியம்மன் நோம்பிக்கும் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் வெளியே வந்து, மறுநாளே திரும்பிப் போகும். பிறந்தநாள் நகை எந்தச் சீரிலும் சேராதது. அந்தப் பெண் பிறந்தார் என்பதற்காக மட்டும் வாங்குவது. அதையும் லாக்கருக்கு அனுப்பினால் மனசு கேட்காது.

என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வருடம் மூன்றரைப் பவுனில் கெம்புக்கல் அட்டிகை வாங்கி வந்தார். அழகான நகை. அதை நான் இதுவரை ஏழு தடவை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்ததால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. சில வருடம் கழித்து இன்னொரு பிறந்தநாளுக்கு அரைப் பவுனில் ஒரு செயினும் புளியங்கொட்டை அளவில் ஒரு டாலரும் கொடுத்தார். இதை எழுதும்போதும் அது என் கழுத்தில்தான் கிடக்கிறது. டாலரில் இருந்த கொடி வேலை விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கு அந்தத் தேய்ந்த பக்கம்தான் பிடிக்கும்.

நெக்லஸ், ஆரம், அட்டிகை, சோக்கர் எல்லாம் ஒன்றுதானே?

கழுத்தில் எங்கே உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம். அட்டிகையும் சோக்கரும் தொண்டையை ஒட்டி நிற்கும். அட்டிகை பெரும்பாலும் கல் பதித்ததாக இருக்கும். நெக்லஸ் கழுத்தெலும்பின் மேல் விழும். ஆரம் நெஞ்சைத் தாண்டி இறங்கும். காசுமாலையும் மாங்காய் மாலையும் ஆரத்தின் சொந்தக்காரர்கள். செயினும் டாலரும் தினசரிக்கு. கடையில் போய் "நெக்லஸ் காட்டுங்க" என்றால் முன்னால் நான்கைந்து கிராமிலும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், நான்கு பவுனிலும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். "தினமும் போடுகிற மாதிரி, சின்ன நெக்லஸ்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் நீளத்தை எப்படி அளப்பது?

நூல்தான். ஒரு தீபாவளி சமயம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒருவர் போனஸ் பணத்தோடு வந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த கறுப்பு நூலை என் முன்னால் நீட்டினார். மனைவி குளிக்கப் போனபோது கழற்றி வைத்திருந்த பழைய கவரிங் செயினை அதில் அளந்திருக்கிறார். நூலில் இரண்டு முடிச்சு இருந்தது. "முத முடிச்சு இப்பப் போடறதுங்க. ரெண்டாவது, போன வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு இந்த அளவுக்கு இருந்தா நல்லாருக்கும்னு கைய வெச்சுக் காட்டினா, அதுங்க" என்றார். இரண்டு முடிச்சுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்தான். நான் அளந்து கொடுத்த நகைகளில் இப்படிச் சரியான அளவோடு வந்தது வேறு எதுவும் இல்லை.

நூல் எடுக்க வாய்ப்பில்லை என்றால் பொதுவான கணக்கு இது. 16 அங்குலம் கழுத்தடியில் நிற்கும். 18 அங்குலம் கழுத்தெலும்பில் விழும், பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். 20, 22 இன்னும் கீழே இறங்கும். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் 16 இறுக்கும், 18-லிருந்து ஆரம்பியுங்கள். சந்தேகமாக இருந்தால் பின்னால் இரண்டு அங்குலத்துக்கு வளையம் வைத்த மாடலைக் கேளுங்கள். கொக்கியை எந்த வளையத்திலும் மாட்டிக்கொள்ளலாம்.

அவர் தாலிக்கொடி போட்டிருக்கிறார். அதோடு இன்னொன்று சிக்காதா?

சிக்கும். கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். கொடி பெரும்பாலும் 24-லிருந்து 30 அங்குலம் வரை இருக்கும், கனமும் அதிகம். மெல்லிய செயினை அதோடு போட்டுத் தூங்கினால் காலையில் இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். பிரிக்கிற அவசரத்தில் அறுவது மெல்லியதுதான்.

கொடிக்கும் புதியதற்கும் இடையில் நல்ல இடைவெளி வேண்டும். 16 அல்லது 18 அங்குலம் எடுத்தால் கொடி சேலைக்குள் போய்விடும், இது வெளியே தெரியும். பின்னல் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். முறுக்குச் செயின் தன் வடிவத்தில் நிற்கும், எளிதில் சுற்றிக்கொள்ளாது. மஞ்சள் கயிற்றில் தாலி போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கயிற்றின் மஞ்சள் செயினின் கண்ணிகளில் ஏறும், அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்.

எத்தனை கிராமில் எடுத்தால் தினமும் போடத் தாங்கும்?

18 அங்குலச் செயின் 3 கிராமுக்குக் கீழே போனால் நூல் மாதிரிதான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 4 கிராம், அதாவது அரைப் பவுன் இருந்தால் டாலர் இல்லாமலோ மிகச் சின்ன டாலரோடோ தாங்கும். கொஞ்சம் பெரிய டாலர் கோக்க வேண்டுமென்றால் 6-லிருந்து 8 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கில் 8 கிராம் ஒரு பவுன்.

பார்க்கப் பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால், உள்ளே காலியாக விட்ட வெறும் கூடா என்று கேளுங்கள். கூடான செயின் அமுங்கினால் அமுங்கியதுதான். அறுந்தால் நகை செய்கிற பத்தரும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கத் தயங்குவார். அப்புறம் இன்னொன்று: வாங்கும் முன் செயினை உங்கள் கைக்குட்டையின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூலைப் பிடித்து இழுத்தால் அது நாளைக்குப் பட்டுச் சேலையையும் பனியன் துணி டாப்ஸையும் இழுக்கும். இப்படித் துணியைக் கிழிக்கிற நகை ஒரே மாதத்தில் பீரோவுக்குப் போய்விடும்.

22 கேரட்டா, 18 கேரட்டா?

வெறும் தங்கம் என்றால் 22. அதில் 91.6 சதவீதம் தங்கம், அதனால்தான் 916 என்கிறோம். கல்லோ வைரமோ பதித்ததென்றால் 18 கேரட் நல்லது. அதில் தங்கம் 75 சதவீதம், முத்திரை 750. செம்பு, வெள்ளி போன்ற கலப்பு அதிகம் இருப்பதால் உலோகம் கெட்டியாகி, கல்லைப் பிடித்திருக்கும் முள் லேசில் வளையாது. "18 என்றால் மட்டம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். வேலைக்கேற்ற உலோகம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நிறத்தில் வித்தியாசம் தெரியும், 22-இன் ஆழ்ந்த மஞ்சள் 18-இல் இருக்காது.

ஹால்மார்க் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று அடையாளம்: பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோண முத்திரை, தூய்மை எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறியீடு. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்க முடியாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இது கட்டாயமில்லை, சின்ன டாலர் தனியாக வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

செயினில் இந்த முத்திரை கொக்கிக்குப் பக்கத்தில் மிகச் சின்னதாக இருக்கும், வெறும் கண்ணுக்குப் புள்ளி மாதிரிதான் தெரியும். கவுண்டரில் லென்ஸ் இருக்கும், கூச்சப்படாமல் வாங்கிப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த ஆறு எழுத்தைப் போட்டால் நகையின் வகை, தூய்மை, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்பது வரும். செயலியில் மோதிரம் என்று வந்து உங்கள் கையில் செயின் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முத்திரையில் சொன்ன தூய்மை பிறகு சோதனையில் குறைந்தால், அந்தக் குறைவுக்குரிய தொகையில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க விதி இருக்கிறது. அதற்குப் பில் வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"கே.டி.எம். நகை" என்று சொல்கிறார்களே, அது 916-ஐ விட நல்லதா?

கே.டி.எம். என்பது தூய்மையின் பெயரே கிடையாது. நகையைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்தார்கள், அதன் பெயர்தான் சுருங்கி இப்படி ஆனது. ஊதும்போது வரும் காட்மியப் புகை பத்தர்களின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால் ஹால்மார்க் நகையில் அதற்கு இடமில்லை. கோயம்புத்தூர் முழுக்கப் பட்டறைகள் இருக்கின்றன. அந்த நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகிறவர் உடம்பையும் நினைத்துப் பாருங்கள், யாராவது இந்தச் சொல்லைப் பெருமையாகச் சொன்னால் கேட்காதீர்கள்.

சேதாரம், செய்கூலி, ஜி.எஸ்.டி.: பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் செயினில் தங்கத்தின் விலை 80,000. கடையில் சேதாரம் 10 சதவீதம் என்றால் 8,000 சேர்ந்து 88,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 2,640. மொத்தம் 90,640. இதே எடையில் வேலைப்பாடு கூடிய இன்னொரு செயினுக்குச் சேதாரம் 18 சதவீதம் என்றால் 14,400 சேர்ந்து 94,400, வரி 2,832, மொத்தம் 97,232. வித்தியாசம் 6,592 ரூபாய், அரைக் கிராமுக்கு மேல் தங்கம். இரண்டும் தராசில் ஒரே எடைதான். ஹால்மார்க் கட்டணம் நகைக்கு ஐம்பது ரூபாய்ச் சொச்சம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சேதாரம் என்பது பட்டறையில் அராவும்போதும் உருக்கும்போதும் போகிற தங்கத்துக்கான ஈடு, செய்கூலி என்பது உழைப்புக்கான கூலி என்று ஒரு காலத்தில் தனித்தனியாக இருந்தது. இப்போது பல கடைகளில் இரண்டையும் ஒரே சதவீதமாகப் போட்டுவிடுகிறார்கள். "செய்கூலி இல்லை" என்று போர்டு வைத்திருந்தால் சேதாரம் எவ்வளவு என்று கேளுங்கள், "சேதாரம் இல்லை" என்றால் செய்கூலியைக் கேளுங்கள். "சேதாரத்துல கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. கவுண்டரில் நிற்பவருக்கு ஒன்றிரண்டு சதவீதம் குறைக்க இடம் கொடுத்திருப்பார்கள், அதற்கு மேலே என்றால் மேனேஜர். கேட்காதவர்களுக்கு நாங்களாகக் குறைத்ததில்லை, இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2 லட்சத்துக்கு மேல் போனால் பான் கார்டு எடுத்துப் போங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை.

கல் வைத்தது வாங்கலாமா?

அவருக்குப் பிடித்தால் தாராளமாக. ஆனால் எடையைக் கவனியுங்கள். மொத்த எடை 12 கிராம், கல் எடை இரண்டரை என்றால் தங்கம் ஒன்பதரைதான். தங்கத்தின் விலை நிகர எடைக்கு மட்டும் போட வேண்டும், கல்லுக்குத் தனி விலை. பழைய பாணி அட்டிகைகளில் கல்லுக்குப் பின்னால் அரக்கு நிரப்பியிருப்பார்கள், அதன் எடையும் கழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த எடையெல்லாம் பில்லில் எழுத்தாக இருக்க வேண்டும். மாற்றப் போகும் நாளில் கெம்புக்கும் சாதாரணக் கற்களுக்கும் ஒன்றும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

கல்லென்றாலே ஜெய்ப்பூரையும் சூரத்தையும் நினைக்கிறோம். நம் மண்ணுக்கு அதைவிடப் பழைய கதை உண்டு. பெருந்துறை வட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, கல்மணிகளை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய பட்டறைகள் வெளியே வந்தன. பாதி துளைத்த மணிகளும் கழிவுத் துண்டுகளும் அங்கேயே கிடந்தன. சங்க இலக்கியமான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்த மணிகளில் ஒரு வகை, பெரில் என்ற இளம் நீலப்பச்சை நிறக் கல். ஒரு காலத்தில் அது கிடைத்த படியூர் அங்கிருந்து தொலைவில்லை, காங்கயம் பக்கத்தில்தான் இருக்கிறது. காங்கயம், கரூர் வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல்லும் கிடைக்கும், கல் பட்டை தீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மனைவி அந்தப் பக்கத்துப் பெண் என்றால், அவர் ஊர் மண்ணில் கிடைத்த ஒரு சந்திரகாந்தக் கல்லைத் தேடிப்பிடித்து டாலரில் பதித்துக் கொடுங்கள். தலைமுறைக்கும் சொல்லிக்கொள்ள ஒரு கதை சேர்ந்து வரும்.

ராசிக்கல்லை மட்டும் சொல்லாமல் வாங்காதீர்கள். ஜாதகத்தில் நம்பிக்கை உள்ள வீடு என்றால், தப்பான கல் வந்துவிட்டது என்ற பயத்திலேயே அது பெட்டிக்குள் போய்விடும்.

முத்து, பவழம்?

அழகுதான், ஆனால் மென்மையானவை. வியர்வை, சென்ட், சோப்பு எதுவும் முத்துக்கு ஆகாது. எல்லாம் முடித்து முத்தைக் கடைசியாகப் போட வேண்டும், கழற்றியதும் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். இந்தப் பக்குவம் உள்ளவருக்கு வாங்கலாம். அடுப்படியிலும் ஸ்கூட்டரிலும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு வேண்டாம்.

வைரம்?

சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கார்பன்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலை பல மடங்கு குறைவு. திருப்பி விற்கும்போது மதிப்பும் குறைவு. எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. கவரிங் வாங்கிக் கொடுத்தால் தப்பா?

தப்பில்லை. தங்கம் என்று சொல்லிக் கொடுக்காத வரைக்கும் எதுவுமே தப்பில்லை. ஆனால் கவரிங்கை விட வெள்ளி மேல் என்பது என் எண்ணம். 925 வெள்ளியில் ஒரு மெல்லிய செயினும் டாலரும் சில ஆயிரத்தில் கிடைக்கும். கறுக்கும், துடைத்தால் திரும்ப வெளுக்கும். கவரிங் முலாம் போனால் போனதுதான். மட்டமான கவரிங்கில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் கழுத்தைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் வரும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்குப் பேர்போனது என்பதால் வெள்ளி என்றாலே நமக்குக் கால்தான் நினைவுக்கு வரும். கழுத்துக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

தங்கம்தான் வேண்டும் என்றால் 14 கேரட் (முத்திரை 585) இருக்கிறது. 2025 ஜூலை முதல் 9 கேரட்டும் (375) ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இல்லையென்றால் அடுத்த பிறந்தநாளைக் குறிவைத்து இன்றே கடைச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். பெரும்பாலும் 11 மாதத் தவணை. முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்று கம்பெனிகளுக்கு விதி இருப்பதால்தான் இந்த 11. சேரும்போதே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: கட்டும் பணம் ரூபாயாக நிற்குமா, அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகுமா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? கடன் வாங்கி மட்டும் வாங்காதீர்கள். என் அட்டிகைக்கு எங்கள் வீட்டில் இரண்டு வருடம் தவணை கட்டினோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தவணைத் தேதிதான்.

சொல்லாமல் வாங்கிக் கொடுப்பதா, கூட்டிப் போய் வாங்குவதா?

டிசைனில் அவருக்குத் தீர்மானமான ருசி உண்டு என்றால் கூட்டிப் போங்கள். சொல்லாமல்தான் வேண்டுமென்றால் கொழுந்தியாளைக் கேளுங்கள். அக்காவுக்கு எது பிடிக்கும், எந்தக் கல்யாணத்தில் யார் கழுத்தில் இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டார் என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். எதுவானாலும், பிடிக்கவில்லையென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம், மாற்றினால் சேதாரம் திரும்ப வருமா என்று வாங்கும் முன்னாலேயே கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கும் யோசனை இருந்தால், அவரைக் கேட்காமல் அவருடைய எதையும் தொடாதீர்கள். அம்மா வீட்டுச் சங்கிலியை உருக்கக் கொடுத்துவிட்டு நெக்லஸோடு போன ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அந்தம்மா புது நகையைத் தொடக்கூட இல்லை. "அந்தச் சங்கிலி கிடைக்குமாங்க?" என்றுதான் கேட்டார். அதற்குள் அது உருகிப் போயிருந்தது.

பிறந்தநாள் ஆடி மாதத்தில் வருகிறது. வாங்கலாமா?

ஆடியில் நகை எடுக்காத வீடுகள் இருக்கின்றன, ஆடிப் பதினெட்டு அன்று தேடிப்போய் எடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பார்ப்பார்கள் என்றால் ஆனியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

எந்தக் கடைக்குப் போவது? பத்தரிடம் சொல்லிச் செய்தால் நல்லதா?

கோயம்புத்தூரில் பெரிய கடை வீதி, ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு என்று ஒரே நாளில் நாலைந்து கடை ஏறி இறங்கலாம். வெள்ளி, சனி மாலையில் போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாளில் காலை 11 மணிக்குப் போங்கள்.

பத்தரிடம் செய்வது எனக்குப் பிடித்த வழி. மனைவி பேரின் முதலெழுத்து, ஒரு பூ, அவர் ஊர்க் கோயில் கோபுரம் என்று டாலரில் எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். செல்வபுரம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பட்டறைதான். மூன்று வாரமாவது முன்னால் சொல்ல வேண்டும். ஹால்மார்க் பதிவு உள்ள இடம் வழியாக முத்திரை போட்டுத் தரச் சொல்லி, எடை, கேரட், கூலி மூன்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், மெருகு கீறும். முத்து, பவழம், அரக்கு நகைகளை ஊறவைக்கவே கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கல்லுக்கு அடியில் வெள்ளையாகப் படியும், குளிக்கும்போது கழற்றிவிடுவது நல்லது. பிளீச்சிங் பவுடர் கையோடு தொடவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை கொக்கியையும் அதை அடுத்த வளையத்தையும் பத்தரிடம் காட்டுங்கள், தேய்வதும் அறுவதும் அங்கேதான்.

அவசரத்துக்கு அந்த நகையை அடகு வைக்கலாமா?

மஞ்சள் விலை சரிந்தாலும் மோட்டார் காயில் போனாலும் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தாலும் முதலில் வங்கிக்குப் போவது வீட்டுப் பெண்ணின் நகைதான். நம் தோட்டங்களில் பாதி அப்படித்தான் பிழைத்திருக்கின்றன, அதை நான் குறை சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சின்னதாக வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அரைப் பவுனை அடகுக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றாது.

மனைவி கணவருக்கு வாங்கலாமா?

ஏன் கூடாது? ஆண்களுக்கு 20 அல்லது 22 அங்குலம், முறுக்கு, டாலர் இல்லாமல். சட்டைக்கு வெளியே தெரிய வேண்டும் என்று நினைப்பவரா, உள்ளே இருந்தால் போதும் என்பவரா என்று உங்களுக்கே தெரியும்.

எப்படிக் கொடுப்பது?

கேக் வெட்டும்போது சொந்தபந்தத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்தால் "எத்தன பவுனு?" என்ற கேள்விதான் முதலில் வரும். காலையிலேயே, வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால் கொடுத்துவிடுங்கள். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் நீங்களே போட்டுவிடுங்கள்.

அதற்காகக் கடையிலேயே அந்தக் கொக்கியை நாலைந்து தடவை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். எஸ் கொக்கி சுலபம். ஸ்பிரிங் வைத்த கொக்கியை நகத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வளையத்துக்குள் விட வேண்டும், பழகாத விரலுக்கு வராது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு முதுகைக் காட்டி அவர் நிற்கும்போது, ஒரே தடவையில் மாட்டிவிட வேண்டும்.